துர்ஃப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

லாமர்ட்டை அக்கரையிலிருந்த முதியோர் இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று, ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர் ஹில்லியையும் ஏறச் சொன்னார்.

“ஏறுங்கம்மா. பாலத்தைத் தாண்டினா இல்லம் வந்துடும். நீங்க சீட்டுல சரியா உக்காரக்கூட நேரம் இருக்காது.”

ஹில்லி வாசலிலேயே நின்றாள். கையில் கணவனின் துணிப்பை இருந்தது. அதை ஓட்டுநரிடம் நீட்டினாள்.

“நான் வரலீங்க. அந்தப் பாலத்துல எங்க வீட்டுக் கால் படக்கூடாதுன்னு இவர்தான் சொல்லியிருக்கார். வேணும்னா இவரையே கேட்டுக்கோங்க.”

ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். பக்கவாதம் லாமர்ட்டின் இடது பக்கத்தை அடித்துப் போட்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் பேச்சு போகவில்லை. கொழகொழவென்று வந்தாலும் புரியும். ‘ஏறு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு பெரென்ட் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தான். பாலத்தைக் காருக்கு மூடியதை எதிர்த்துப் போராடிய குழுவுக்குத் தலைவர் லாமர்ட். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது. பாலத்தின் முகப்பில் நின்ற இரும்புக் கம்பம் ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டுத் தரைக்குள் இறங்கியது, வண்டி போனதும் மறுபடி எழுந்து நின்றது.

அந்தக் கம்பம்தான் லாமர்ட்டின் பரம எதிரி. க்ரோனிங்கன் நகரத்துக்காரர்களுக்கு அதன் கதை தெரியும். துர்ஃப் பாலத்தில் முன்பெல்லாம் காரும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. இறங்குகிற இடத்திலேயே லாமர்ட்டின் பட்டறை. ஹெட்லைட் போனவன், டயர் வெடித்தவன், வெறுமனே வாயாட வந்தவன் என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். பிறகு நகராட்சி, இனிமேல் இந்தப் பாலம் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும்தான் என்று சொல்லி, முகப்பில் கம்பத்தை நட்டுவிட்டது. பஸ் வந்தால் இறங்கும், கார் வந்தால் அசையாது. பட்டறைக்கு வரவேண்டுமானால் ஊரைச் சுற்றி வரவேண்டும். எவன் வருவான்? இரண்டு வருடத்தில் பட்டறை படுத்துவிட்டது.

லாமர்ட் சும்மா இருக்கவில்லை. குழு சேர்த்தார், பலகை எழுதினார், கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கத்தினார். தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடிப்பார். சைக்கிளில் போகிறவர்கள் பதிலுக்கு மணியடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். கம்பத்திடம் காட்ட முடியாத கோபத்தை வீட்டில்தானே காட்டமுடியும்? ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சட்டம் போட்டார்.

“இந்த வீட்டுக் கால் அந்தப் பாலத்துல படக்கூடாது. நடந்தும் கூடாது, சைக்கிள்லயும் கூடாது. பஸ்ஸுன்னா பேச்சே இல்ல.”

“என் அக்கா அந்தப் பக்கம் இருக்கா, லாமர்ட்.”

“கார்ல கூட்டிட்டுப் போறேன். யாரு வேணாம்னா?”

ஹில்லி பயந்தவள் அல்ல. மறுநாளே பாலத்தில் நடந்துபோய் அக்கா ஃபென்னாவோடு காபி குடித்துவிட்டு வந்தாள். லாமர்ட் கை ஓங்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அந்த இலையுதிர்காலம் முழுக்கப் பேசவில்லை. அவள் பரிமாறிய தட்டை அவள் பக்கமே தள்ளி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து ரொட்டியை வெறுமனே தின்பார். அடிக்கிறவனிடமிருந்து ஓடிப்போகலாம், ஊரைக் கூட்டலாம். வாயைத் திறக்காமல் எதிரில் உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது? பிள்ளைகளும் இல்லை, வீட்டில் வேறு குரலே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹில்லி தோற்றுப்போனாள். இனிமேல் பாலத்தில் ஏறமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் லாமர்ட் சூப்பில் உப்பு குறைவு என்று பேச்சைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஃபென்னா அக்கரை முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். அவள் அறை ஜன்னல் ஹில்லியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிர். நடுவில் கால்வாய். இந்த ஊரில் யாரும் திரை இழுத்து மூடுவதில்லை. மூடினால்தான், அங்கே என்ன ஒளிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அதனால் அக்காவும் தங்கையும் ஜன்னலுக்கு ஜன்னல் கையசைத்துக்கொண்டார்கள். லாமர்ட்டுக்கு மனம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பும். சுற்றுச்சாலையைப் பிடித்து, ஊரை வளைத்து, எதிர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள்.

ஃபென்னா செத்த கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இல்லத்திலிருந்து போன் வந்தது. மூச்சு இழுக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். ஹில்லி வீட்டுச் செருப்போடு வாசலுக்கு ஓடினாள். லாமர்ட் காரை எடுத்து நிறுத்தியிருந்தார். ஏறினாள். அது அவள் செய்த தப்பு. சுற்றுச்சாலையில் பாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் வால் பிடித்து நின்றன.

“என்னை எறக்கி விடு. திரும்பி ஓடிடறேன். பாலத்து வழியா போயிடறேன்.”

“உக்காரு. இப்ப நகந்துடும்.”

“லாமர்ட், அவ செத்துட்டு இருக்கா!”

லாமர்ட் கதவுகளைப் பூட்டினார். கோபமாகக்கூட இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினார், நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபென்னாவின் வாயை மூடிக் கட்டியாகிவிட்டது. கடைசிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இல்லத்துப் பெண் சொன்னாள்.

இதைக்கூட ஹில்லி ஒருவேளை மன்னித்திருப்பாள். மனிதர்கள் பதற்றத்தில் எதையாவது செய்துவிடுகிறார்கள். ஆனால் இறுதிச்சடங்கு முடிந்து, காபியும் கேக் துண்டும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே லாமர்ட் உள்ளூர்ப் பத்திரிகைக்காரனைப் பிடித்துவிட்டார். பாலம் மூடியதால் என் மனைவி தன் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது என்று கண் கலங்கிச் சொன்னார். கறுப்பு உடையைக்கூட மாற்றவிடாமல் ஹில்லியைப் பாலத்தின் முகப்பில், கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். “கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க. உங்க அக்கா ஜன்னலைப் பாருங்க,” என்றான் படம் எடுத்தவன். ஹில்லி பார்த்தாள். காலியான ஜன்னல். அந்த நேரத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று கல்லாகிவிட்டது. அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. தெருவில் போனால் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “ஹில்லி கொள்கைக்காரி. கண்ணு முன்னால பாலம் இருக்கு, ஒருநாள் கால் வெச்சதில்ல,” என்று பெரென்ட் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். இந்த ஊர்க்காரர்களுக்குக் கொள்கை என்று ஒன்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் கேள்வி கேட்கமாட்டார்கள். கொள்கைக்காக ஒருவன் மழையில் நின்றால் குடைகூடக் கொடுக்கமாட்டார்கள், அவனை அவமதித்ததாக ஆகிவிடுமாம்.

பிறகு லாமர்ட்டுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி இந்தக் கரையில்தான். ஹில்லி தினமும் போனாள், சவரம் செய்துவிட்டாள், சூப் ஊட்டினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து சில வாரம் தனியாகத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு இல்லங்களில் இடம் இருப்பதாக ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள். ஒன்று இந்தக் கரையில், தெருக்கோடியிலிருந்து கொஞ்சம் தள்ளி. இன்னொன்று அக்கரையில்.

“அக்கரை,” என்றாள் ஹில்லி.

“அதுவும் நல்லதுதான். ஜன்னல்லேர்ந்து உங்க வீடு தெரியும். அவருக்கு ஆறுதலா இருக்கும்.”

“ஆமா. கால்வாய்ப் பக்கத்து அறையாவே குடுங்க,” என்றாள் ஹில்லி.

தோற்றுப்போன அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் தன்னந்தனியாக எடுத்த முதல் முடிவு அது. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்படித்தான் லாமர்ட் அந்த ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தார். காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு வருவாள் மிர்தெ. அவரைக் கவனித்துக்கொள்கிற சின்னப் பெண், கன்னமெல்லாம் புள்ளி, வாயில் எப்போதும் பாட்டு. ஹில்லி இந்தப் பக்கம் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வந்து கையசைப்பாள். நிதானமாக, அன்பான மனைவி மாதிரி. லாமர்ட் வலது கையைத் தூக்குவார். பிறகு ஹில்லி மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிடுவாள். மேஜையை இழுத்துப் போட்டதே அவர் போன பிறகுதான்.

முதல் வாரத்தில் போன் வந்தது.

“எப்ப வர?”

“எப்படி வர்றது, லாமர்ட்? காரை ஓட்ட எனக்குத் தெரியாதே. கத்துக்கறேன்னு சொன்னப்ப, கிளட்சைக் கெடுத்துடுவேன்னு நீதானே வேணாம்ன.”

“டாக்சி இருக்கில்ல?”

“டாக்சிக்காரன் திருடன்னு நீதானே சொல்லுவ. உன் சம்பாத்தியத்தை எடுத்துத் திருடனுக்குக் குடுக்க எனக்கு மனசு வருமா?”

அடுத்த வாரம் லாமர்ட்டே ஒரு யோசனை கண்டுபிடித்தார். வயதானவர்களை ஏற்றிப் போக நகராட்சி ஒரு வேன் விட்டிருந்தது.

“அதுல எத்தனை சீட்டு?” என்று கேட்டாள் ஹில்லி.

“எட்டோ என்னவோ. எதுக்குக் கேக்கற?”

“ஆறு சீட்டுக்கு மேல போனா அது பஸ்ஸுன்னு நீ கூட்டத்துல எழுந்து நின்னு பேசினியே. எல்லாரும் கைதட்டினாங்களே, ஞாபகம் இல்லையா?”

அவர் சொன்னது ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை வருடம் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஞாபகம் இல்லாமல் எப்படிப் போகும்? ஒரே ஒரு வழியைத்தான் அவள் மூடவில்லை. அதைத் திறக்கும் சாவி லாமர்ட்டின் வாயில் இருந்தது. பாலத்தில் வா என்று அவர் சொல்லவேண்டும். அவரும் தெரிந்துதான் சொல்லாமல் இருந்தார். குளிர்காலம் முழுக்க இந்த இழுபறி நடந்தது. கால்வாய் ஓரங்களில் பனிக்கட்டி பிடித்தது, விட்டது. பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு கிழங்களும் ஜன்னலுக்கு ஜன்னல் கையசைத்துக்கொண்டிருந்தன.

பெரென்டுக்குப் புல்லரித்துவிட்டது. “புருஷன் அந்தப் பக்கம் கெடக்கான், அப்பவும் கொள்கையை விடல பாரு! இப்படி ஒருத்தி இருந்திருந்தா எங்க சங்கம் எங்கயோ போயிருக்கும்,” என்று மீன் கடையில் நின்று பேசினான். தான் வளர்த்த காளையே தன்னை முட்டுவதைப் படுத்துக்கிடந்தபடி பார்த்தார் லாமர்ட்.

பிப்ரவரியில் மிர்தெ சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். ஹில்லி காபி போட்டாள். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினாள்.

“ஹில்லிம்மா, நான் குறுக்க வரேன்னு நெனைக்காதீங்க. அவர் இப்ப சரியா சாப்பிடறதில்ல. நீங்க விளக்கை அணைக்கிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கறார். இங்கேர்ந்து நடந்தா என்ன தூரம்? நான் வேணா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“அவர் சொல்லட்டும், வரேன்.”

“அவர் வாயால கேக்க மாட்டார். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். எங்க அக்கா இருந்தாளே, அதே இல்லத்துல, ஃபென்னா. அவளும் சாப்பிடாமத்தான் இருந்தாளாம், கடைசியில. நீ அப்ப அங்க வேலைக்கு வரல.”

மிர்தெ பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் மக்கு அல்ல. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, “இது என்னமோ நல்லா இல்லம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச்சில் லாமர்ட்டின் பிறந்தநாள் வந்தது. இந்த ஊரில் பிறந்தநாள் என்றால் விளையாட்டில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரவேண்டும். பிறந்தநாள்காரனுக்கு மட்டுமல்ல, அவன் மனைவிக்கு, மச்சினனுக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்று எல்லாருக்கும் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லவேண்டும். பகையாளிகூட அன்றைக்கு வந்து ஒரு துண்டு கேக் தின்றுவிட்டுப் போவான். புருஷன் பிறந்தநாளுக்கு மனைவி வரவில்லை என்றால் அதற்கு மேல் ஒரு கேவலம் கிடையாது. வட்டத்தில் அவள் நாற்காலி காலியாக நிற்கும், வாழ்த்துச் சொல்ல வருகிறவன் கையை நீட்டியபடி முழித்துக்கொண்டு நிற்பான். அந்தக் காட்சியை லாமர்ட்டால் தாங்கமுடியாது என்று ஹில்லிக்குத் தெரியும். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

முதல்நாள் மதியம் போன் அடித்தது.

“நாளைக்கு எல்லாரும் வராங்க,” என்றார் லாமர்ட்.

“வரட்டும். சந்தோஷம்.”

“நீயும் வரணும்.”

“எப்படி?”

ஹில்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அக்கரையில் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மிர்தெ படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள்.

“பாலத்து வழியா வா.”

“என்ன சொன்ன? சரியா கேக்கல.”

“பாலத்து வழியா வா, ஹில்லி.”

“உன் நாக்கு கொழகொழங்குது. கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”

“பாலம்!” என்று கத்தினார் லாமர்ட். மிர்தெ தலையணையோடு அப்படியே நின்றது இந்தக் கரையிலிருந்தே தெரிந்தது. “பாலத்துல வா. நடந்து வா, பஸ்ஸுல வா, எப்படியோ வா. என்னால முடியல.”

அவர் அழுதார். அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. அவர் தாய் செத்தபோதுகூடப் பட்டறையைத் திறந்தவர்.

“சரி, வரேன்,” என்றாள் ஹில்லி.

உண்மையாகத்தான் சொன்னாள். ஜெயித்த பிறகு பகை எதற்கு? வேண்டியது கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆப்பிள் நறுக்கி, பட்டைத்தூள் தூவி, பெரிய ஆப்பிள் கேக் ஒன்று சுட்டாள். அடுப்பிலிருந்து வந்த வாசனையில் அவளுக்கே மனசு இளகியது. பாவம், கிழம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கூடப் பார்த்தாள்.

காலையில் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, கேக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் தெருவே நின்றிருந்தது. பெரென்ட் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“வாழ்த்துகள், ஹில்லி! புருஷனுக்குப் பிறந்தநாள்! அவரே கொள்கையைத் தளர்த்திட்டாராமே? பெரிய மனசு. வா, நடந்தே போகலாம், நான் டப்பாவைத் தூக்கிட்டு வரேன்.”

“வேணாம். பஸ்ஸுல போறேன்.”

“எதிர்லதானே இருக்கு? பஸ் எதுக்கு?”

“அவர் அதையும் சொல்லியிருக்காரே. பஸ்ஸுல வான்னு,” என்றாள் ஹில்லி.

பழைய பட்டறைக்கு முன்னாலேயே நிறுத்தம். பஸ் வந்தது. ஏறி, வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கவேண்டும் என்று உடனே பொத்தானை அழுத்தினாள். ஓட்டுநருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பம் இறங்கியது, பஸ் பாலத்தில் ஏறியது.

ஓரத்தில் ஒரு பெண் குழந்தையை முன்னால் உட்காரவைத்துச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். ஹில்லி மூச்சை இழுத்துவிட்டாள். அடுத்த மூச்சு இழுப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். அதோ அவள் வீடு, அதோ அவள் சமையலறை ஜன்னல், அதோ பெரென்ட், வழியனுப்பத் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. இவ்வளவுதானா? இத்தனூண்டு பாலமா? இந்தத் தூரத்தைத் தாண்டமுடியாமலா ஃபென்னா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே செத்தாள்? செருப்போடு ஓடியிருந்தால், காரில் ஏறாமல் இருந்திருந்தால், ஃபென்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள். வருஷக்கணக்காக மனசுக்குள் பாலம் நீண்டுகொண்டே போய்ப் பெரிய தூரமாகிவிட்டிருந்தது. தூரம் பெரிது என்பதால்தான் கொஞ்சமாவது தாங்க முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஹில்லி டப்பாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் இல்லத்துக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, லாமர்ட். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள், தலையைப் படிய வாரியிருந்தார்கள். பின்னால் நாற்காலிகள் வட்டமாக இருந்தன. பக்கத்தில் மிர்தெ குதித்துக்கொண்டே இவளைக் காட்டினாள். லாமர்ட் வலது கையைத் தூக்கினார். கோணிய வாயில் பாதிச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் அவள் அந்தச் சிரிப்புக்குத்தான் மயங்கினாள்.

முன்னாலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஹில்லி எழுந்திருக்கவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். “யாரோ பொத்தான் அமுக்கினீங்களே? நீங்க எறங்கலையாம்மா?”

“இல்ல. தப்பா அமுக்கிட்டேன்.”

கதவு சாத்திக்கொண்டது. ஹில்லி ஜன்னலைப் பார்த்து, தினமும் காலையில் செய்கிற மாதிரியே, நிதானமாகக் கையசைத்தாள். லாமர்ட்டின் சிரிப்பு உடனே போகவில்லை. பஸ் இன்னும் சரியான இடத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் முன்னால் போய் நிறுத்துவான் என்று நினைத்திருப்பார். பஸ் திருப்பத்தில் திரும்பும்வரை அவர் கை மேலேயே இருந்தது.

கடைசி நிறுத்தம் ஏரிக்கரையில். ஓட்டுநருக்கு அங்கே கொஞ்ச நேரம் ஓய்வு. ஹில்லி டப்பாவைத் திறந்து அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள், தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

“அருமையா இருக்கே! என்ன விசேஷம்?”

“என் புருஷனுக்குப் பிறந்தநாள்.”

“அப்படியா! வாழ்த்துகள்மா!” என்று கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு அவள் கையைக் குலுக்கினார் ஓட்டுநர். ஹில்லி நன்றி சொன்னாள். இன்னொரு துண்டு வேண்டுமா என்றும் கேட்டாள்.

அன்று மதியம் மிர்தெ போனில் கூப்பிட்டாள். “எல்லாரும் கேக்குக்காகக் காத்துட்டு இருந்தாங்க. அவர் உங்க நாற்காலியை எடுக்கவே விடல. இது கொடுமை, ஹில்லிம்மா. தெரிஞ்சுதான் பண்றீங்களா?”

“தெரிஞ்சுதான்,” என்றாள் ஹில்லி.

மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் பொத்தானை அழுத்துவாள், பஸ் நிற்கும், கதவு திறக்கும், கையசைப்பாள், கதவு மூடும். அந்த ஓட்டுநர் கேட்பதையே விட்டுவிட்டார். பெரென்ட் மட்டும் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருந்தான்: பஸ்ஸில் போனால் கால் பாலத்தில் படுவதே இல்லை, அதனால் ஹில்லி இன்னும் கொள்கையை மீறவில்லையாம். இதையும் மீன் கடையில் நின்று விளக்கினான்.

லாமர்ட்டை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள் என்று இல்லத்து டாக்டர் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். ஒருநாள் அந்த ஜன்னல் காலியாக இருந்தது. ஹில்லிக்கு என்னவோ போல ஆயிற்று. ஆனால் மறுநாள் அவர் மறுபடி அங்கே இருந்தார், சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன, தானே முயன்று போட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

அன்று சாயங்காலம் மிர்தெ கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“அவர் ஒண்ணு கேக்கச் சொன்னார். நான் கேக்க மாட்டேன்னு சொன்னேன், விட மாட்டேங்கறார்.”

“என்னவாம்?”

“நாளைக்கும் நீங்க அதே பக்கம் ஜன்னலோரம்தான் உக்காருவீங்களான்னு கேட்டார். அந்தப் பக்கம் உக்காந்தா முகம் தெரியாதாம்.”

ஹில்லி போனைப் பிடித்தபடி சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். எதிர்க்கரை ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அவர் இவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், கையைத் தூக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

“அப்படி ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது, கூட்டத்தைப் பொறுத்ததுன்னு சொல்லு,” என்றாள் ஹில்லி.

போனை வைத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.